சாந்த்ராகாச்சி அசனம்

சிகாமணி பிழைத்துக்கொண்டார். அதில் யாருக்கும் தகராறு இல்லை. யாருடைய ஜெபத்தில் பிழைத்தார் என்பதில்தான் வில்லங்கம் முளைத்தது.

தொண்ணூற்றெட்டாம் வருஷம், துர்கா பூஜைக்குக் கொஞ்சம் முந்தி அவருக்குக் காய்ச்சல் கண்டது. வங்காளத்தில் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ஃபிட்டர் வேலை. பெட்டிகளுக்கு அடியில் படுத்துக்கொண்டு பிரேக் பார்க்கிற மனிதருக்கு மழைக்காலத்தில் கொசுக்கடி புதிதா என்ன? ஒரு மாத்திரையை விழுங்கிவிட்டு டியூட்டிக்குப் போய்விட்டார். மூன்றாம் நாள் காலையில் காப்பி கொண்டுவந்த மனைவி ஜெபக்கனியைப் பார்த்து, "நீங்க எந்த ஸ்டேஷன்ல ஏறுனிய?" என்று மரியாதையாகக் கேட்டார். இருபத்தைந்து வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அதைக் கேட்டதும் கைகால் ஓடவில்லை. மலேரியா மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள் ரயில்வே ஆஸ்பத்திரியில். பெரிய டாக்டர் ஏற்ற வேண்டிய மருந்தையெல்லாம் ஏற்றினார். அப்புறம், மேலே இருக்கிறவரையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள் அம்மா என்று இந்தியில் சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

நினைத்துக்கொள்ள ஆளா பஞ்சம்? ஜெபக்கனி திருநெல்வேலிச் சீமைப் புராட்டஸ்டண்டு. ஹூக்ளி ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அவளுடைய தமிழ்ச் சபையில் ஞாயிறுதோறும் சிகாமணியின் பெயரைச் சொல்லி ஜெபித்தார்கள். பக்கத்துக் குவார்ட்டர்ஸ் சவேரியம்மாள் உவரிக்காரி, கத்தோலிக்கப் பெண். அவள் செபமாலையும் கையுமாக ஆஸ்பத்திரிக்கு வந்துவிட்டாள். ஜெபம் என்று இவர்கள் எழுதுவதை அவர்கள் செபம் என்று எழுதுவார்கள். கேட்கிறவருக்கு எழுத்துப் பிழை கண்ணில் படுமா படாதா என்பது அவருக்கே வெளிச்சம். மூன்றாவதாக லேக் மார்க்கெட்டிலிருந்து வந்து சேர்ந்தாள் கிருபாவதி. சிகாமணியின் சொந்த அக்கா. தாய் போன பிறகு தம்பியைச் சோறூட்டி வளர்த்தவள். அவள் வீட்டுக்காரர் லேக் மார்க்கெட்டில் அப்பளம், காப்பித்தூள், நல்லெண்ணெய் விற்கிற கடை வைத்திருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டு பேரும் பெந்தெகொஸ்தே சபையில் சேர்ந்து, ஞானஸ்நானமும் முழுக்கில் எடுத்துக்கொண்டார்கள். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, பொட்டுத் தங்கம் கிடையாது. தம்பிக்காகத் தண்ணீர் மட்டும் குடித்து உபவாசம் இருந்தாள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரே விரிப்பில் மூன்று பெண்களும் கிடந்தார்கள். ஒருத்தி கண்ணயர்ந்தால் இன்னொருத்தி சலைன் பாட்டிலைப் பார்த்துக்கொள்வாள். சவேரியம்மாள் மணி உருட்டிக்கொண்டே இருப்பாள். கிருபாவதி கண்ணை மூடிக்கொண்டு, ஆவியில் வருகிற அந்நிய பாஷையில் முணுமுணுப்பாள். நடுவில் ஜெபக்கனி இரண்டும் தெரியாமல், "ஆண்டவரே, ஆண்டவரே" என்று ஒரே வார்த்தையைச் சொல்லிக்கொண்டிருப்பாள். நீ எந்தச் சபை, நான் எந்தச் சபை என்ற பேச்சே எழவில்லை. உயிர் ஊசலாடுகிற இடத்தில் அதற்கெல்லாம் யாருக்கு நேரம்?

பிறகு ஒருநாள் சிகாமணி கண்ணைத் திறந்து டீ கேட்டார். ஜெபக்கனியின் பெயரையும் சரியாகச் சொன்னார். மூன்று பேரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். அதோடு கதை முடிந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

வீடு திரும்பிய வாரத்தில் கிருபாவதி தம்பியைப் பார்க்க வந்தாள். உடம்பு தேறியதும் அவன் தன்னுடைய சபைக்கு வந்து, எல்லோர் முன்னாலும் எழுந்து நின்று கர்த்தர் சுகம் கொடுத்ததைச் சாட்சி சொல்ல வேண்டும் என்றாள். ரசம் கொண்டுவந்திருந்த சவேரியம்மாள் அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு, சொல்லட்டும் அக்கா, முதலில் அசனத்தைப் போட்டு முடித்துவிடுவோம் என்றாள்.

என்ன அசனம் என்று கேட்டாள் கிருபாவதி.

அப்போதுதான் விஷயம் வெளியே வந்தது. மூக்கில் குழாய் போட்ட அன்றைக்கு சவேரியம்மாள் தன் சமையலறையில் உவரிக் கோயில் இருக்கிற தெற்குப் பக்கம் பார்த்து நின்று, அண்ணன் பிழைத்து எழுந்தால் அந்தோணியார் பெயரால் அசனம் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டிருக்கிறாள். அசனம் என்றால் ஊர் கூடித் தரையில் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. தென்பக்கத்துக் கத்தோலிக்கர்களுக்கும் உண்டு, புராட்டஸ்டண்டுகளுக்கும் உண்டு. பணக்காரன், ஏழை, உள்ளூர்க்காரன், வெளியூர்க்காரன் என்ற கணக்கு அங்கே செல்லாது. வாசலுக்குள் காலெடுத்து வைத்தவரைச் சாப்பிடாமல் அனுப்பக் கூடாது. ஜெபக்கனியும் சின்ன வயதில் சபைப் பண்டிகையில் ஆட்டுக்கறி அசனம் சாப்பிட்டு வளர்ந்தவள்தான். ஆனால் அவர்கள் ஊர் அசனத்தில் புனிதர் பெயர் எல்லாம் கிடையாது.

கிருபாவதியின் முகம் சுருங்கிவிட்டது. செத்துப்போன மனுஷர் பெயரால் நேர்ந்த சோறு படையல்தான், அதைத் தொட மாட்டேன் என்றாள். சவேரியம்மாளுக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்தோணியார் செத்துப்போனவர் என்று யார் சொன்னது, அவர் பரலோகத்தில் இருந்து கேட்டு வாங்கிக் கொடுத்ததால்தான் அண்ணன் இன்றைக்கு ரசம் குடிக்கிறார் என்றாள். அப்படியானால் என் உபவாசம் எதற்கு என்று இவள் கேட்க, உங்களைக் குறை சொன்னேனா என்று அவள் கேட்க, ரசம் ஆறிப்போயிற்று. கிளம்பும்போது கிருபாவதி வாசலில் நின்று தம்பி மனைவியிடம் மட்டும் சொன்னாள்.

"அந்தச் சோத்தை இந்த வீட்டுல பொங்குனீங்கன்னா, நான் இனிமே இந்தப் படி ஏற மாட்டேன் ஜெபக்கனி. என் தம்பியை அங்க கொண்டாந்து காட்டு."

அன்று சாயங்காலமே சவேரியம்மாள் வந்து, இந்தப் பக்கத்து அழுகையை அழுதாள். நேர்ந்ததைச் செலுத்தாமல் விட்டால் பிழைத்து வந்தவருக்குத்தான் ஆகாது. தனக்குத் தூக்கமே வரவில்லை. கண்ணை மூடினால் அண்ணன் மூக்கில் குழாயோடு வருகிறார் என்றாள். ஒரு மாதத்துக்குமேல் இந்த வீட்டுக்குச் சோறு வடித்துக் கொட்டியவள், ஒரு காசு, ஒரு சொல் கேட்காதவள். அவளிடம் எந்த வாயால் வேண்டாம் என்று சொல்வது? தாயாய் நின்றவளை எந்த வாயால் வராதே என்பது? ஜெபக்கனிக்கு மத்தளத்துக்கு விழுகிற இடி. சபை மூப்பரிடம் போய்க் கேட்டாள். அவர் நல்ல மனிதர். தாடையைத் தடவிக்கொண்டு, பேசாமல் ஸ்தோத்திரக் கூட்டம் வைத்து டீயும் கேக்கும் கொடுத்துவிடுங்கள் அம்மா என்றார். ஆக, மூன்றாவதாக ஒரு கட்சியும் சேர்ந்தது.

சிகாமணி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. தட்டில் போட்டதில் பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்துபோவார். சட்டை ஆணியில் மாட்டியதுபோல் தோளில் தொங்கியது. டாக்டர் நன்றாகச் சாப்பிடச் சொல்லியிருக்கிறாரே என்று ஒருநாள் ஜெபக்கனி கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

"எங்க அக்காவும் சவேரியும் ஒரே பந்தியில உக்காரட்டும், நானும் உக்காருதேன். இல்லன்னா எனக்கு எந்தச் சோறும் இறங்காது," என்றார் சிகாமணி. "நான் பிழைச்சதால ரெண்டு பேரு பிரிஞ்சாங்கன்னா, நான் எதுக்குப் பிழைச்சேன்?"

அந்தப் பேச்சு ஜெபக்கனியை உலுக்கிவிட்டது. அடுத்த நாளே பஸ் பிடித்து லேக் மார்க்கெட் போய் இறங்கினாள். கடைக்குப் பின்னால் வீடு. அவள் கெஞ்சினாள், சண்டை பிடித்தாள். வீட்டில் பொங்கவில்லை, வெளியே ஹால் எடுத்துச் செய்கிறோம், படமோ சுரூபமோ வைக்க மாட்டோம், சவேரியம்மாளும் அதற்கு ஒத்துக்கொண்டுவிட்டாள் என்று சொன்னாள்.  கிருபாவதியும் தம்பியைப் பார்க்காமல் வாடிப்போய்த்தான் இருந்தாள்.

"வாரேன். என் தம்பி கூப்பிட்டு நான் வராம இருப்பேனா. ஆனா வந்து உக்காந்து அவன் முகத்தைப் பாத்துட்டுப் போயிருவேன். ஒரு பருக்கை சாப்பிடுன்னு நீ கேக்கப்படாது."

பாதிக் கிணறு தாண்டியாயிற்று என்று ஜெபக்கனி திரும்பி வந்தாள். பாதிக் கிணறு தாண்டினால் என்ன ஆகும் என்று பஸ்ஸில் வரும்போதுதான் அவளுக்கு உறைத்தது.

நாள் பார்த்தார்கள். அந்தோணியாருக்குச் செவ்வாய்க்கிழமைதான் விசேஷம் என்றாள் சவேரியம்மாள். செவ்வாயில் யாருக்கு லீவு என்று காலண்டரைப் புரட்டினால், ஜனவரி இருபத்தாறே செவ்வாயில் வந்தது. குடியரசு தினம், யார்டுக்கும் விடுமுறை. இதைப் பார்த்து சவேரியம்மாள் அந்தோணியார் செயல் என்றாள். ஜெபக்கனி அரசாங்கத்தின் செயல் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டாள்.

காலனியில் ரயில்வே இன்ஸ்டிடியூட் ஹாலைக் கேட்டு வாங்குவது சிகாமணி பொறுப்பு. அங்கே செக்ரட்டரி கோஷால்-தா, அதாவது கோஷால் அண்ணன். சிகாமணியின் பெங்காலி யார்டுப் பெங்காலி. நட்டு, போல்ட்டு, பிரேக், டீ, இதற்குமேல் போனால் திக்கும். அதை வைத்துக்கொண்டு, தாதா, இருபத்தாறாம் தேதி ஹால் வேண்டும், அசனம் நடத்தப் போகிறோம், எல்லோரும் தரையில் உட்காருவார்கள், உடம்பு சுகமானதற்காக என்று சொல்லி முடித்தார். கோஷால்-தா கேட்டுவிட்டு அகமகிழ்ந்துபோனார். "ஆஷோன்?" என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார். இவ்வளவு பெரிய வியாதிக்குப் பிறகு இப்படி ஒரு எண்ணம் வந்ததே, இந்தக் காலனிக்கு வெகுநாளாக வேண்டியது இது என்று தோளில் தட்டினார். ஹாலுக்கு வாடகையே வேண்டாம், கொடியேற்றி முடிந்ததும் ஆரம்பித்துவிடுங்கள், ஆட்களுக்கு நான் பொறுப்பு என்றார். சிகாமணி வீட்டுக்கு வந்து, கோஷால்-தா மாதிரி ஒரு மனிதரைப் பார்க்க முடியாது, நம் அசனத்துக்கு ஆள்கூட அவரே கூட்டி வருகிறாராம் என்று சொல்லிப் பெருமைப்பட்டார். சாப்பிட ஆள் சேர்க்க ஒரு செக்ரட்டரியா என்று ஜெபக்கனிக்கு லேசாக இடித்தது. சரி, நல்ல மனசு என்று விட்டுவிட்டாள்.

இருபத்தாறாம் தேதி காலையில் ஹாலுக்குப் பின்புறம் அடுப்பு மூட்டினார்கள். லேக் மார்க்கெட்டில் கல்யாணச் சமையல் செய்கிற மாணிக்கம் வந்திருந்தார். கத்தரிக்காய் போட்ட ஆட்டுக்கறிக் குழம்பு, பருப்பு, ரசம். சவேரியம்மாள் குளித்து முழுகி, அண்டாவுக்குப் பக்கத்திலேயே நின்றாள். வாய்விட்டுச் செபம் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருந்ததால் உதடு மட்டும் அசைந்தது. மூப்பர் சபை ஆட்களோடு வந்தார். சவேரியம்மாளின் பங்குக் கோயிலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். அந்தக் கூட்டம் ஒரு சுவர் ஓரம், இந்தக் கூட்டம் எதிர்ச்சுவர் ஓரம் என்று தானாகப் பிரிந்து நின்றது. பத்து மணி வாக்கில் கிருபாவதி வந்தாள். தம்பியின் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள். இளைத்திருக்கிறான் என்று கண் கலங்கினாள். கதவோரம் கிடந்த இரும்பு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். ரயிலுக்குக் காத்திருக்கிறவள் மாதிரி கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

அப்போது வாசலில் சத்தம் கேட்டது. இருபது பேருக்குக் குறையாத பெங்காலிகள், பெரும்பாலும் ரிட்டயர் ஆன வயசு, மங்கி கேப்பும் ஸ்வெட்டருமாக உள்ளே நுழைந்தார்கள். ஒவ்வொருவர் கக்கத்திலும் சுருட்டிய ஜமக்காளம். பெண்கள் சிலர் சேலைக்குமேல் சால்வையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். முன்னால் ஒல்லியாக, வெள்ளைப் பைஜாமாவில் ஒருவர். வந்தவர் ஹாலின் நடுவில் நின்று மூக்கை உயர்த்தி இரண்டு தரம் மோந்து பார்த்தார். இது என்ன, ஆட்டுக்கறி வாசனை வருகிறதே என்று கவலையோடு கேட்டார்.

அவர் பெயர் ஹால்தார். அலிப்பூர் கோர்ட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இப்போது யோகாசன மாஸ்டர். கோஷால்-தா தேடிப் பிடித்து வரவழைத்தவர். பெங்காலி வாயில் ஆசனம் 'ஆஷோன்' ஆகிவிடும். நம் அசனமும் அந்த வாயில் போனால் அப்படித்தான் வரும். தரையில் உட்காருவார்கள், உடம்பு சுகத்துக்காக என்று சிகாமணி வேறு விளக்கமாகச் சொல்லியிருக்கிறார். கோஷால்-தா என்ன செய்வார் பாவம். காலனி முழுக்கச் சொல்லி ஆள் திரட்டிவிட்டார்.

விஷயம் புரிந்ததும் கோஷால்-தா தலையில் கை வைத்துக்கொண்டார். சிகாமணி அதற்குமேல் குன்றிப்போனார். ஹால்தார் பாபு மட்டும் கடகடவென்று சிரித்தார். பரவாயில்லை, நாங்கள் இன்னொரு நாள் வருகிறோம் என்று ஆட்களைத் திரும்பச் சொன்னார். ஜெபக்கனிக்கு அந்த நேரத்தில் எங்கிருந்து தைரியம் வந்ததோ, ஓடிப்போய் வாசலை மறித்து நின்றுகொண்டாள். அசனத்துக்குள் கால் வைத்தவர் சாப்பிடாமல் போகக் கூடாது, அது எங்கள் வழக்கம் என்று இந்தியில் சொன்னாள். சவேரியம்மாளும் கரண்டியோடு வந்து பக்கத்தில் நின்றாள். மூப்பரும் வந்து, ஆமாம், எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம் என்றார். காலையிலிருந்து மூன்று பேரும் ஒத்துச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

ஆட்டுக்கறி வாசனைக்கு முன்னால் ரொம்ப நேரம் பிகு பண்ண முடியுமா? ஜமக்காளங்களை விரித்தார்கள். எந்த ஜமக்காளம் யாருடையது என்று யாருக்குத் தெரியும், விரித்த இடத்தில் எல்லோரும் கலந்து உட்கார்ந்தார்கள். இந்தச் சுவர் அந்தச் சுவர் கணக்கு குழம்பிப்போயிற்று. சால் மர இலையில் தைத்த தட்டுகள் வைத்தார்கள். ஆவி பறக்கச் சோற்றுக் கூடை வந்தது.

சிகாமணி மட்டும் உட்காரவில்லை. பந்தியின் தலைப்பில் நின்றுகொண்டு கதவோரம் நாற்காலியில் இருந்த அக்காவைப் பார்த்தார். அவள் கைப்பையைப் பார்த்தாள். சவேரியம்மாள் கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். யார் ஜெபம் பண்ணுவது என்று மூப்பர் இவர்கள் முகத்தையும் அவர்கள் முகத்தையும் பார்த்தார்.  இந்த மனிதர் இப்போது உட்காராவிட்டால் இனி எந்தப் பந்தியிலும் உட்காரமாட்டார் என்று ஜெபக்கனிக்குத் தோன்றியது.

நாற்காலிக்குப் பக்கத்து ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்த ஹால்தார் பாபு, நல்ல எண்ணத்தோடுதான், நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்.

"ஏட்டா கோன் டாகுரேர் போக்?"

எந்தச் சாமிக்குப் படைத்த பிரசாதம் இது என்று அர்த்தம். பெங்காலிகளுக்கு அது சாதாரணக் கேள்வி. எந்தப் பூஜை வீட்டில் சாப்பிட்டாலும் கேட்கிறதுதான். ஆனால் இங்கே அது விழக் கூடாத இடத்தில் விழுந்தது. மூன்று மாதமாக எந்தக் கேள்வியைச் சுற்றி எல்லோரும் கால் வைக்காமல் நடந்தார்களோ, அதை அந்த மனிதர் நடுப்பந்தியில் போட்டு உடைத்துவிட்டார். கிருபாவதி சடக்கென்று தலை நிமிர்ந்தாள். சவேரியம்மாள் வாயைத் திறந்தாள். மூப்பர் தொண்டையைக் கனைத்தார். சிகாமணி கையை உயர்த்தி எல்லோரையும் நிறுத்தினார்.

தமிழில் என்றால் அவருக்கு எந்த வார்த்தையை எடுப்பது என்று தெரிந்திருக்காது. தேவன் என்றால் இவர்கள், சர்வேசுரன் என்றால் அவர்கள், ஜெபம் என்றால் ஒரு கூட்டம், செபம் என்றால் ஒரு கூட்டம். நேர்ச்சை என்று சொன்னால் அக்கா போய்விடுவாள், சாட்சி என்று சொன்னால் சவேரிக்கு வருத்தம். யார்டுப் பெங்காலியில் அந்த வார்த்தை ஒன்றுமே கிடையாது. இருந்ததை வைத்துச் சொன்னார்.

"ஆமி மோரே ஜாச்சிலாம். எரா ஷொபாய் டாக்லோ. ஜிஷு ஷுன்லோ."

நான் செத்துக்கொண்டிருந்தேன், இவர்கள் எல்லோரும் கூப்பிட்டார்கள், இயேசு கேட்டார். அவ்வளவுதான். மரியாதை விகுதிகூட இல்லாமல், கூட வேலை செய்கிறவரைப் பற்றிச் சொல்கிற மாதிரி சொன்னார். 

இவர்கள் என்றால் யார் யார் என்று ஹால்தார் பாபு அக்கறையாகக் கேட்டார். சிகாமணி கை நீட்டிக் காட்டினார். என் அக்கா. என் மனைவி. பக்கத்து வீட்டு அம்மா. சபை ஆட்கள். காட்டிக்கொண்டே வந்தவர் சவேரியம்மாளின் முகத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். பிறகு, "ஆர் அந்தோணி-தா," என்று சேர்த்துக்கொண்டார். அந்தோணி அண்ணனும்தான். பெங்காலி பேச ஆரம்பித்தால் எந்தப் பெயருக்குப் பின்னாலும் ஒரு தா போடாமல் அவரால் நிறுத்த முடியாது. பதுவைப் பதியரான அந்தோணியார் அந்த நிமிஷத்தில் யார்டு ஊழியர்களில் ஒருவராகிவிட்டார்.

ஹால்தார் பாபு பந்தியை மேலும் கீழும் பார்த்தார். அந்தோணி-தா எங்கே, அவர் உட்கார்ந்துவிட்டாரா என்று கேட்டார். தமிழ்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் பதில் சொல்லாததால், பக்கத்தில் நாற்காலியில் இருந்த கிருபாவதி பக்கம் திரும்பி அவளிடமே கேட்டார்.

ஜெபக்கனி கண்ணை மூடிக்கொண்டாள். போயிற்று, எல்லாம் போயிற்று என்று நினைத்தாள். மைனி என்ன சொல்வாள் என்று அவளுக்குத் தெரியும். அப்படி ஒருத்தர் இல்லை என்பாள். செத்து மண்ணாய்ப் போனவர் என்பாள். கடைக்கு வருகிற பெங்காலிகளோடு பேசிப்பேசி அவளுக்குச் சுத்தமான பெங்காலி. சொன்னால் எல்லோருக்கும் புரியும்படிதான் சொல்வாள். பொய் சொல்லவோ அவளுக்கு வராது.

கிருபாவதி யோசித்தாள். அவள் நம்பிக்கையில் அந்தோணியாரிடம் கேட்பது தப்பு, அவர் பெயரால் நேர்வது தப்பு. ஆனால் கேள்வி அதுவல்ல. அவர் எங்கே என்பதுதான் கேள்வி. விசுவாசத்தில் கண்ணை மூடிய ஒரு மனிதர் எங்கே இருப்பார் என்று கேட்டால் அவளுக்கு ஒரே பதில்தான் உண்டு.

"உனி ப்ரொபுர் காச்சே," என்றாள். அவர் ஆண்டவரிடம் இருக்கிறார்.

ஆஹா என்று வருத்தத்தோடு ஹால்தார் பாபு நெஞ்சில் கை வைத்தார். நல்ல மனுஷரா என்று மெதுவாகக் கேட்டார். கிருபாவதி, ஆமாம், நல்ல மனுஷர்தான் என்றாள். பந்தியில் இருந்த பெங்காலிகள் எல்லோரும் முந்தாநாள் செத்துப்போன ஒரு ரயில்வேக்காரருக்காகக் கைகூப்பினார்கள். அதைப் பார்த்துத் தமிழ்க்காரர்களும் கைகூப்பினார்கள். பந்தி ஜெபம் யார் செய்வது என்ற பிரச்சினை அதோடு தீர்ந்தது.

சவேரியம்மாள் கரண்டியை அப்படியே அண்டாவில் போட்டுவிட்டு வந்து கிருபாவதியின் முன்னால் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது.

"நானும் அதத்தானக்கா சொன்னேன். அவரு ஆண்டவருகிட்ட நிக்காரு. கிட்ட நிக்கவரு நமக்காகக் கேட்டாருன்னு சொன்னேன். வேற என்னத்தச் சொன்னேன்?"

கிருபாவதி அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் தனக்கு மயக்கம் வந்தபோது மடியில் தலையை வைத்துக்கொண்டவள் இவள்தான் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

"அவரு கேட்டாரா இல்லையான்னு எனக்குத் தெரியாது சவேரி. தெரியாததை நான் சொல்ல மாட்டேன்," என்றாள்.  "நீ கேட்ட. நான் கேட்டேன். இந்தா நிக்காளே, இவளும் கேட்டா. அதை என் கண்ணால பாத்தேன். எந்திரி."

எழுந்தது அவள்தான். கைப்பையை நாற்காலியில் வைத்துவிட்டு, முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்து மெதுவாகக் கீழே இறங்கி ஜமக்காளத்தில் உட்கார்ந்தாள். சவேரியம்மாளின் கையைப் பிடித்து இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பரிமாறப் போக வேண்டும் அக்கா என்று அவள் சொன்னதைக் காதிலேயே வாங்கவில்லை. இந்தப் பக்கத்து இடத்தைத் தட்டிக் காட்டித் தம்பியைக் கூப்பிட்டாள். சிகாமணி சின்னப் பிள்ளை மாதிரி வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார். ஹால்தார் பாபு, ஒரு மாஸ்டரின் கண்ணோடு அதைப் பார்த்து, முதுகு நேராக இருக்கிறது, பேஷ் என்றார்.

ஜெபக்கனி கூடையை எடுத்தாள்.  அப்பாடா என்று வாய்விட்டுச் சொன்னாள். முதலில் சிகாமணிக்குப் போட்டாள், சபை ஆட்களுக்குப் போட்டாள், பங்கு ஆட்களுக்குப் போட்டாள், மங்கி கேப் போட்டவர்களுக்குப் போட்டாள். மாணிக்கம் பின்னாலேயே குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தார். சுற்றிவிட்டுத் திரும்பவும் அவர்கள் முன்னால் வந்து நின்றபோது, சிகாமணி தட்டில் வைத்த சோறு பாதிக்குமேல் காலியாகியிருந்தது. தலை நிமிராமல் பிசைந்து பிசைந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பார்க்கப் பார்க்க ஜெபக்கனிக்குக் கண்ணை மறைத்தது. அடுத்த தட்டை அவள் பார்க்கவே இல்லை. அங்கே நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"என்னட்டி என் தம்பியவே பாத்துக்கிட்டு நிக்க?" என்றாள் கிருபாவதி. அவள் தட்டில் இன்னும் ஒரு பருக்கை விழவில்லை. "எனக்கும் சோறு போடு."